ஒரே ஒரு கல்

சத்தர்பூரில் மெட்ரோ விட்டிறங்கி
ஆட்டோக்காரரிடம் பட்டி என்றேன்.
எந்தப் பக்கம் என்றார்.
பள்ளம் இருக்கிற பக்கம்.
நாற்பது ரூபாய் கூடக் கேட்டார்,
திரும்புகையில் சவாரி கிடைக்காதாம்.

சித்திரை பிறந்து ஆறு நாள்.
ஏழரைக்கே வானம்
வெளுத்த பனியன் நிறத்தில் இருந்தது.
பையில் இரண்டு லிட்டர் தண்ணீர்,
ஐந்து சப்பாத்தி, ஒரு வெங்காயம்.
நந்திதா வருவதாக இருந்தது.
இரவு பதினோரு மணிக்கு முழங்கால் வலி என்று செய்தி,
அதன் வாலில் ஒரு சிரிக்கும் முகம்.
கோபமில்லை.
தனியாக நடந்தால்
மூச்சு வாங்குவதை மறைக்க வேண்டாம்.

இருபுறமும் வேலிக்காத்தான்.
ஊரில் வெட்டி மூட்டம் போட்ட அதே முள்
இங்கே கீகர் என்று இந்தி பேசுகிறது.
துப்பட்டாவைப் பிடித்து இழுத்த விதத்தில் மட்டும்
சாத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பழக்கம்.

நீலான் ஒன்று குறுக்கே நின்றது.
வழிவிட வேண்டியது யார் என்று
கொஞ்ச நேரம் இருவருக்குமே தெரியவில்லை.

பிறகு தரை முடிந்தது.

வேலி இல்லை, பலகை இல்லை.
சிவந்த சுவர்கள் செங்குத்தாக இறங்கின,
பிளந்து, வளைந்து, மறுபடி பிளந்து,
அடியில் பச்சைத் தண்ணீர் ஒரு துண்டு.
பாலைவனப் பள்ளத்தாக்குகளை
ஆறு உட்கார்ந்து லட்சம் வருடம் அறுக்குமாம்.
இதற்கு ஆறு வரவில்லை.
கடப்பாறை வந்தது, வெடி வந்தது, லாரி வந்தது.
சில பத்து வருடங்கள் போதுமாக இருந்தன.

பதர்பூர் மணல் என்பார்கள்.
லாஜ்பத் நகரில் நான் வாடகை கொடுக்கும்
ஒன்றரை அறையின் பூச்சு
இங்கிருந்துதான் ஏறிப் போயிருக்கும்.
காலண்டர் மாட்ட ஆணி அடித்தபோது
உதிர்ந்ததே சிவப்பாய் ஒரு சிட்டிகை,
அதன் மிச்சம் இவ்வளவு பெரிய இல்லாமை.

ஒரு படம் எடுத்தேன்.
ஒரு கல்லை விளிம்பில் விட்டேன்.
ஒன்று. இரண்டு. மூன்றை முடிக்குமுன் சத்தம்.
நூறடிக்கு மேல்.

இறங்கும் தடம் மண்ணில் ஒரு கீறல்.
பாதி தூரம் உட்கார்ந்தே வழுக்கினேன்.
கீழே காற்று இல்லை,
வெயிலை மட்டும் யாரோ மேலிருந்து கவிழ்த்தார்கள்.
முதல் லிட்டர் பத்து மணிக்குத் தீர்ந்தது.

தண்ணீரோரம் ஒருவர், எருமை தேடி வந்தவர்.
ரூப்சந்த் என்றார்.
கல் போட்டது நீங்களா?
மன்னிப்புக் கேட்டேன்.
அதற்கில்லை என்றார்,
விளையாட வருகிறவர்கள் பத்துக் கல் போடுவார்கள்,
அளக்கிறவர்கள்தான் ஒன்றோடு நிறுத்துவார்கள்.
நீங்கள் என்ன ஆட்கள்?

பதினோரு வருட டெல்லி.
இந்தக் கேள்விக்கு
மதராசி என்பேன், சௌத் என்பேன்,
சாம்பார் பற்றிப் பேச்சை மாற்றுவேன்.
வீட்டுக்காரம்மா கேட்டபோது
கேஸ் அடுப்பை அணைக்கப் போனேன்,
எரியாத அடுப்பை.

கிணறு வெட்டுகிறவர்கள், என்றேன்.
ஒட்டர்.

அவர் தன் நெஞ்சில் விரல் வைத்தார்.
ஓட்.

அந்த ஒரு டகரம்
எங்கள் நடுவே கொஞ்ச நேரம் நின்றது.
உறவா, ஒலியா, தெரியாது.
சப்பாத்தியைப் பிய்த்தோம்,
வெங்காயத்தை அவர் முஷ்டியால் உடைத்தார்.

உங்கள் பக்கம் எத்தனை அடியில் தண்ணீர்?
போர் போட்டால் எண்ணூறு, சில இடத்தில் அதுவும் புகைதான்.
அவர் பச்சைத் துண்டைப் பார்த்தார்.
மணலுக்குத் தோண்டினோம், இது வந்தது, என்றார்,
எங்களுக்கு வேலை போயிற்று.
எழுந்து நடந்தார்,
சுவருக்குச் சுவர் எருமையின் பேரைக் கூப்பிட்டபடி.
லாடோ. லாடோ.
பள்ளம் ஒவ்வொரு முறையும்
கடைசி எழுத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தது.

இரவில் நந்திதா கேட்டாள், படம் எடுத்தாயா.
அனுப்புமுன் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கிழக்குச் சுவரின் நிழலில்
கறுப்பாய் ஒரு புள்ளி, கொம்போடு.

ரூப்சந்தின் எண் என்னிடம் இல்லை.