தோன்றல் திரிதல் கெடுதல்

உறைபெட்டியின் மூன்றாம் தட்டு.
நமுகோலோ கையுறையால் பனியைத் துடைக்கிறாள்.
நான்கு குழாய்கள், ஒரே குழந்தை.
பெயர் இல்லை, 0417 என்ற எண் மட்டும்.
எழுதிய தாதி யாரோ,
ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு போடுகிறவர்.

லுசாகா, இரண்டாயிரத்து ஒன்று.
குழந்தைகளுக்கான மருந்து
இங்கே இன்னும் வந்துசேராத ஆண்டு.

இரத்தம் இளகக் கால்மணி நேரம்.
அதற்குள் பழைய பதிவேடு:
ஆண். கன்யாமா குடியிருப்பு.
தாய் சந்தையில் கப்பெண்டா கருவாடு விற்பவர்.
ஓரத்தில், மருத்துவத்துக்கு உதவாத ஒரு வரி:
ஊசியைப் பார்த்துச் சிரிக்கிறான்.

முதல் குழாய், ஆறு வாரம்.
தாயிடமிருந்து வந்தது
கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்.
எத்தனை முறை படித்தாலும் அதே வாக்கியம்.

இரண்டாம் குழாய், ஏழு மாதம்.
இப்போது பாலோடு இன்னொன்றும் வந்திருக்கிறது.
சைட்டோமெகலோ: பெயர்தான் பெரிது,
பெரும்பாலான உடம்புகளில்
சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும் விருந்தாளி.
ஆனால் அதைத் துரத்த அணுக்கள் எழுகின்றன,
வீட்டுக்கு வீடு விளக்கு எரிகிறது.
எச்ஐவிக்கு வேண்டியது அதுதான்.
இருட்டு வீட்டில் அதற்கு எழுத வராது.
விழித்திருக்கும் வீட்டில்
இரவெல்லாம் அச்சடிக்கும்,
பிழை திருத்த ஆளில்லாத அச்சகம்.

அவளுக்குத் தெரியாத ஒரு மொழியில்
சொல்லும் சொல்லும் ஒட்டுமிடத்தில்
மூன்று நேரும் என்பார்கள்.
வாழையும் பழமும் சேர, இடையில் ஒரு ப் முளைக்கும்.
பொன்னும் குடமும் சேர, ன் முகம் மாறும்.
மரமும் வேரும் சேர, ம் செத்துப்போகும்.
யாரும் அழுவதில்லை.
அவள் திரையிலும் அந்த மூன்றுதான்:
நுழைந்த எழுத்து,
மாறிய எழுத்து,
ஒன்பது எழுத்துக் காலியிடம்.

மூன்றாம் குழாய், பதினான்கு மாதம்.
மணல்வாரி.
காதுக்குப் பின்னால் தொடங்கி
பாதம்வரை சிவந்த நாள் என்று குறிப்பு.
அவள் எண்ணிக்கையை இரண்டு முறை பார்க்கிறாள்.
இரத்தத்தில் எச்ஐவி சரிந்திருக்கிறது,
சந்தையில் பெரிய ரௌடி வந்ததும்
சின்ன ரௌடி சந்துக்குள் ஒதுங்குவதுபோல.
பகைவனின் பகைவன் நண்பன் என்று
நாக்கு நுனிவரை வருகிறது.
அந்த நண்பன் அப்போது
பையனின் கண்ணை ஒட்டவைத்து
நெஞ்சில் சளியை அடைத்து
கொடுத்த கஞ்சியை எல்லாம்
வெளியே தள்ளிக்கொண்டிருந்தான்.

நான்காம் குழாய், அடுத்த மாதம்.
திரும்பி வந்துவிட்டது.
வாடகைப் பாக்கி வாங்க வருகிறவன் மாதிரி,
முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாக.
வரிசைகளை அடுக்கினால் கிளைகள், கிளைக்குள் கிளைகள்.
தாய் கொடுத்த வாக்கியத்தைத்
தாயே அடையாளம் காணமாட்டாள்.

எந்தக் கிளைக்கு எது காரணம்?
நான்கு குழாய் அதைச் சொல்லாது.
அறிக்கையில் அவள்
'இருக்கலாம்' என்று தட்டச்சு செய்கிறாள்,
அழிக்கிறாள்,
மறுபடி 'இருக்கலாம்'.

ஐந்தாம் குழாய் இல்லை.
பதிவேட்டில் அந்த மாதத்துக்கு நேரே
'வரவில்லை'.
அவ்வளவுதான்.
வீடு மாறியிருக்கலாம்.
பேருந்துக்குக் காசில்லாமல் இருந்திருக்கலாம்.
'வரவில்லை' என்ற சொல்லுக்குள்
எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள்
என்று அவள் எண்ணத் தொடங்கும்போது
மின்சாரம் போகிறது.
ஜெனரேட்டர் இருமி எழும்வரை
இருட்டில் நான்கு குழாய்களையும்
உள்ளங்கையில் பொத்திப் பிடிக்கிறாள்.
பிறகுதான் நினைவு வருகிறது,
சூடு ஆகாது என்று.

மாலை. நீல மினிபஸ்.
கதவில் தொங்கியபடி ஒருவன்
கன்யாமா, கன்யாமா என்று கூவுகிறான்.
பத்தொன்பது இருக்கும்.
அவள் கழித்துப் பார்க்கிறாள்.
கணக்கு சரியாகவே வருகிறது.
அவன் கை நீட்டுகிறான், சிரிக்கவில்லை.
சில்லறை கொடுத்துவிட்டு
ஜன்னலோரம் உட்கார்கிறாள்.