இரண்டு நாணய உயரம்

நாற்பத்திரண்டு படங்களோடு போயிருந்தேன்.
சிலோயே தீவின் தென்முனை, கெயோன்.
சால்மன் ஆலையின் மாடியறையில்
பகல் பணி முடித்து வந்தவர்கள்
ரப்பர் காலணியைக்கூடக் கழற்றாமல் அமர்ந்திருந்தார்கள்.
ஈரக் கம்பளி வாடை, மீன் வாடை,
சன்னலுக்கு வெளியே நாலு மணிக்கே இருட்டு.

மூன்றாவது படத்தில் ஒரு கோடு மேலேறியது.
முறையாகக் கத்தி தீட்டினால்
தேறும் சதை ஏழு சதவீதம் கூடும் என்றேன்.

"அந்த ஏழு யார் வீட்டுக்குப் போகும்?"

கண்ணைத் திறக்காமலே கேட்டாள் நோல்ஃபா நவெல்கின்.
ஐம்பத்து மூன்று வயது,
அதில் இருபத்தாறு கத்தியோடு.
யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன்.

படம் காட்டும் கருவியை அணைத்தேன்.
அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல்தான் கேட்டேன்:
"ராத்திரி கை எப்படி இருக்கும்?"

வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு உபெர்லிந்தா சொன்னாள்,
இரண்டு மணிக்கு மரத்துப்போகுமாம்.
கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுவாளாம்
ஈரத் துணி மாதிரி.
சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிடுகிறாள் என்று
சன்னலைப் பார்த்தபடி சொன்னார் எரிபெர்த்தோ.
நோல்ஃபா தொப்பியைக் கழற்றினாள்.
"பின்ன முடியவில்லை. வெட்டிவிட்டேன்."

அவள் கத்தியை வாங்கிக் கட்டைவிரலால் தடவினேன்.
"இதன் மழுங்கலை எதைப் போட்டு ஈடுகட்டுகிறாய்?"
கொஞ்சம் யோசித்து
தன் மணிக்கட்டைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு நான் அதிகம் பேசவில்லை.
கல், தண்ணீர்.
கத்தியின் முதுகுக்கடியில் இரண்டு நாணய உயரம்,
அதற்கு மேல் வேண்டாம்.
பிசிறு எழும்வரை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம்.
கல்லின் ஓசை மெலியும் இடத்தைக்
காதுதான் முதலில் கண்டுபிடிக்கும்.
நோல்ஃபா மீனை வைத்தாள், இழுத்தாள், நின்றுவிட்டாள்.
"அழுத்தவே இல்லையே நான்."
இன்னொரு மீன் எடுத்தாள்.
கேட்காமலே இன்னொன்று.

அடுத்த வாரம் எரிபெர்த்தோ வரவில்லை.
கெட்டுப்போன கையைக் கல்லா சரிசெய்யும் என்றாராம்.
அவர் கைக்கு அது உண்மையாகவும் இருக்கலாம்.
பத்து வருடம் முன்னால் யாராவது
இதே கேள்வியோடு வந்திருக்க வேண்டும்.

நோல்ஃபா எனக்கு முன்பே வந்திருந்தாள்.
சாக்குப்பையிலிருந்து எடுத்து மேசையில் பரப்பினாள்:
வீட்டு உருளைக்கிழங்குக் கத்தி,
தங்கையின் கோடரி,
பக்கத்து வீட்டு ஆட்டு மயிர்க் கத்தரி.
"இதற்கெல்லாம் எத்தனை நாணயம்?"
கல்லை நனைத்துக்கொண்டே,
யாரிடமோ சொல்வதுபோல்:
"நேற்று ராத்திரி நாய் விடிய விடியக் குரைத்ததாம்.
எனக்குக் கேட்கவே இல்லை."

பயிற்சியின் பயன் என்ன என்று
ஆலையிலிருந்து படிவம் வந்தது.
கட்டத்தில் ஏழு என்று நிரப்பினேன்.
ஓரத்தில், கட்டமில்லாத வெள்ளையில்,
நாய் குரைத்ததையும் எழுதினேன்.