கடைசிச் சாய்கோடு

தார்த்து நகரில் மார்ச் மாதம்.
எமயோகி ஆற்றின் பனிப்பாளம்
தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும் சத்தம்
சைக்கிள் பழுதுபார்க்கும் கடையின்
மாடிவரை ஏறி வருகிறது.
சம்பளமில்லாத சனிக்கிழமை.
நான்கு மடிக்கணினிகள்.
பாதி அறுத்த ரை ரொட்டி,
கத்தி இன்னும் அதிலேயே நிற்கிறது.

பேச்சு ஒரு கோட்டைப் பற்றி.
இணைய முகவரியின் வாலில் விழும்
சாய்ந்த ஒரு கோடு.
அது இருந்தால் ஒரு வாசல்,
இல்லாவிட்டால் வேறு வாசலா?
இல்லை, இரண்டும் ஒரே வீடுதானா?

"வேறு வேறு" என்கிறான் தாவெத்.
எழுதியதை எழுதியபடி படிப்பதுதான் நேர்மையாம்.
"ஒன்றேதான்" என்கிறார் ஐனார்ஸ்.
ரீகாவிலிருந்து நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்தவர்,
ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு
ஓட்டை விழுந்த காலுறையோடு உட்கார்ந்திருப்பவர்.
"மனுசனுக்குக் கை தவறும்.
கை தவறியவனைக் கதவுக்கு வெளியே நிறுத்துவாயா?"

(எனக்கு இது சிரிப்பாகத் தெரியவில்லை.
வேலை கொடு என்றால் பிழைப்பு.
வேலைக் கொடு என்றால் ஆயுதம்.
ஓர் ஒற்றில் போர் மூளும் மொழியில்தான்
இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

ஹிந்த்ரெக் எப்போதும்போல எண்களோடு வருகிறான்.
பழைய வழியை வெட்டி எறிந்தால்
இருநூற்றுப் பதினான்கு வரிகள் குறையும்.
ஆறு சோதனைகள் தேவைப்படாது.
ஒவ்வொரு அழைப்பிலும் மிச்சமாகும்
கண்ணிமைப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு.
"யார் இன்னும் இதைப் பிடித்துத் தொங்குகிறார்கள்?
ஒரு பெயர் சொல்லுங்கள், போதும்."

ரொட்டியிலிருந்து கத்தியை உருவினாள் ரேலிகா.
காலையிலிருந்து வாய் திறக்காதவள்.
போன குளிர்காலம் முழுக்க
மற்றவர்கள் விட்ட பிழைகளை ஒற்றையாளாய் அடைத்தவள்.
"ஹீயுமா தீவுப் படகு" என்றாள்.
"அதன் கால அட்டவணை.
எழுதியவன் வேறு வேலைக்குப் போய்விட்டான்.
துறையில் டிக்கெட் கிழிக்கிற ஆள்தான்
ஞாயிறு மத்தியானங்களில் அதைப் பார்த்துக்கொள்கிறான்.
கரையில் காத்திருந்தபோது கேட்டேன்.
பாஸ்வேர்டு தெரியுமாம் அவனுக்கு.
அவ்வளவுதான் தெரியுமாம்."

ரொட்டியை மெல்லியதாக அறுத்தாள்.
"நீ வெட்டுகிற வரிகளில் ஏதோ ஒன்றில்
அவன் நின்றுகொண்டிருக்கிறான்."

ஐனார்ஸ் ஜெயித்த முகம் காட்டினார்.
அதையும் அவள் விட்டுவைக்கவில்லை.
"இரண்டும் ஒன்று என்றாலும் படகு கவிழும்.
தீவுக்குப் போகிற பக்கத்துக்குக் கோடு உண்டு.
திரும்பி வருகிற பக்கத்துக்குக் கோடு கிடையாது.
அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள்."

முதலில் ஒரு மௌனம்.
பிறகு மேசை அதிரச் சிரிப்பு.
தாவெத் நெற்றியைப் பலகையில் முட்டிக்கொண்டான்.

வெட்டுவதில்லை என்று ஆனது.
இந்தப் பதிப்பில் இல்லை, அடுத்ததில் பார்க்கலாம்.
ஓர் எச்சரிக்கை வாக்கியம் மட்டும் சேர்ப்பது.
அந்த ஒரு வாக்கியத்துக்கு மூன்று மணி நேரம்.
'நீக்கப்படும்' மிரட்டுகிறது.
'நீக்கப்படலாம்' மழுப்புகிறது.
'தயவுசெய்து' வேண்டும் என்றார் ஐனார்ஸ்,
இயந்திரம் கெஞ்சக் கூடாது என்றான் தாவெத்.
டிக்கெட் கிழிப்பவனுக்குப் புரியுமா என்று
ஒவ்வொரு சொல்லையும் உரக்கப் படித்துப் பார்த்தார்கள்
அவனைப் பார்த்தேயிராத மூன்று பேரும்
அவனிடம் ஒருமுறை டிக்கெட் நீட்டிய ஒருத்தியும்.

கீழே கடையின் ஷட்டர் இறங்கியது.
ரீகா போகும் கடைசிப் பஸ் போய்விட்டது.
இருநூற்றுப் பதினான்கு வரிகளின் தலைமாட்டில்
ஹிந்த்ரெக் ஒரு குறிப்பு எழுதினான்:
'அழிக்காதே. இதில் ஒரு படகு போய் வருகிறது.'

தேதி போட மறந்துவிட்டான்.