பத்தொன்பதாம் பக்கம்

நான் அவருடைய கையெழுத்து.
அவர் விரல்கள் நடுங்கும், என்னுடையவை நடுங்கா.
அதற்குத்தான் சம்பளம்.

எலிஃபலெட் டோர்சி,
வாபாஷ் ஆற்றங்கரைத் தொகுதியில் மூன்று முறை வென்றவர்.
சோள வண்டியின் மேல் ஏறி நின்றால்
உச்சியில் தொடங்கிய பேச்சு
மாடு கறக்கும் நேரத்தைத் தாண்டும்.
அடிமை முறையை எதிர்த்தாரா?
எதிர்த்தார், ஆற்றுக்கு வடக்கே.
தெற்கே போனால் பாலம் கட்டுவதைப் பற்றிப் பேசுவார்.

போர் வந்தது.
அதே வண்டி, எட்டே நாள், எண்ணூறு பையன்கள்.
வாஷிங்டனிலிருந்து தோளுக்கு நட்சத்திரம் வந்தது.
ஒரு குதிரையும் வந்தது,
அவர் பேச்சுக்கு மயங்காத முதல் ஜீவன்.
போர்க்கலைப் புத்தகம் ஒன்று வாங்கினார்.
ஒட்டிக்கிடந்த தாள்களைக் கத்தியால்
நான்தான் பிரித்துக் கொடுத்தேன்
பதினெட்டாம் பக்கம் வரை.

காட்டன்மவுத் ஓடை, ஏப்ரல் மழை.
தொப்பியில்லாமல் ஓடிவந்த கேப்டன் கேட்டான்:
இடமா, வலமா, ஜெனரல்?
இருபது வருட அரசியலில்
அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாதவர்
வாயைத் திறந்தார்.
பீரங்கிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று
பிறகு எழுதினார்கள்.
நான் பக்கத்தில் நின்றேன்.
அந்த நொடி பீரங்கி ஓய்ந்திருந்தது.

அறுபத்தோரு கடிதங்கள்.
ஒன்றை எழுதி மற்றவற்றைப் படியெடுக்கிறேன் என்றேன்.
மசிக்கூட்டைத் தட்டிவிட்டார்.
எல்லாப் பெயரும் தெரியும் அவருக்கு,
ஓட்டுக் கேட்டுப் போன வீடுகள்:
ஹிராம் கட்லர், அப்பன் பன்றி வியாபாரி.
ஓபதியா ஷீட்ஸ், தொட்டிலில் முத்தமிட்ட பிள்ளை.
ஜோனஸ் வெதர்பீ
சண்டைக்கு முந்தின வாரமே
வயிற்றுப்போக்கில் போனவன்.
அவன் அம்மாவுக்கு என்ன எழுதுவது?
மெழுகுவர்த்தி இரண்டு தீர்ந்தன.
கடைசியில் சொன்னார்:
'தண்ணீர் கேட்டான். கொடுத்தோம்.'
கொடுத்தோமா என்றேன்.
எழுது என்றார்.

போர் முடிந்து மறுபடி தேர்தல், மறுபடி வண்டி.
தொண்டையைச் செருமியபோது
முன்வரிசையில் வெதர்பீயின் அம்மா,
ஓட்டில்லாத கையில் என் எழுத்தோடு.
'தண்ணீர் யார் கொடுத்தது?'

எங்கள் ஊர் முழுக்கக் காத்திருந்தது.
'தெரியாது, அம்மா' என்றார்.
அப்புறம் தொப்பியைக் கழற்றி
வண்டியிலிருந்து இறங்கிவிட்டார்.
மாடுகள் இன்னும் மேய்ந்துகொண்டிருந்தன.

நாற்பத்து மூன்று வாக்கில் தோற்றார்.
பாலத்தைப் பேசியிருந்தால் வென்றிருப்பார் என்கிறார்கள்.
இருக்கலாம்.

புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது.
கத்தியும் இருக்கிறது.