ஐந்து கிலோவுக்குக் கீழ்

வேலந்தாவளத்தில் எங்கள் எடைமேடைக்கு
ஐந்து கிலோவுக்குக் கீழே கணக்குத் தெரியாது.
தேங்காய் லாரி, செங்கல் லாரி, வைக்கோல் டெம்போ
ஏறும், இறங்கும். நான் சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன்.
அந்தி சாய்ந்து வரிசை ஓய்ந்ததும்
என் வண்டியை ஏற்றிப் பார்த்தேன்:
நூற்றைந்து.

அதற்கு முன் இரண்டு பார்த்து வேண்டாமென்றேன்.
கோவை ஷோரூமில் ஒன்று, கொக்குமாதிரி உயரம்.
உட்கார்ந்தால் இரண்டு காலும் அந்தரத்தில்.
"ஓடும்போது கால் எதுக்குங்க்கா?" என்றான் பையன்.
ஓடாதபோதுதான் விழுவேன், தம்பி.
சித்தூரில் இன்னொன்று. சட்டத்தில் வெல்டிங் தழும்பு,
விற்க வந்தவன் தோளெலும்பில் தையல் தழும்பு.
இரண்டுக்கும் ஒரே தேதி.

இது, கள்ளுக் கேன் கட்டிப் போய்க்கொண்டிருந்த
பழைய டூ ஸ்ட்ரோக்.
எட்டு வாரம் கேட்டு வாங்கினேன்.
டாங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோலுக்கு முந்தி
புளிப்புதான் வரும்.

காஜா உசேன் பட்டறை எல்லைக்கு அந்தப் பக்கம்.
அங்கே கழற்றினோம்.
கண்ணாடி இரண்டு. பின்னால் வருகிறவர்கள் இனி அவர்கள் பாடு.
முன்விளக்கு. நாலு இண்டிகேட்டர்.
சேலை சிக்காதிருக்கப் போட்ட கம்பிவலை.
பின்னால் உட்கார்பவர் கால்வைக்கும் கட்டையில்
ஸ்பேனரை வைத்துவிட்டு நிமிர்ந்தார் காஜா.
"இனி ஆரும் ஏற முடியாதே?"
"இதுவரைக்கும் ஆரு ஏறினாங்க?"
சாக்கு நிறைந்தது. மேடைக்குக் கொண்டுவந்தேன்.
நூற்றைந்து.
என் ஒரு சாக்கு இரும்பை
அது பொருட்படுத்தவே இல்லை.

முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைத்தோம்,
பின்னதில் ஆறு கூட்டினோம்.
தொண்ணூறு போன வண்டி இப்போது அறுபதில் அலறும்.
அலறட்டும். வரப்பு ஏறுகிறது.
ஃபோர்க்கில் கனத்த எண்ணெய்,
எஞ்சினின் அடிவயிற்றுக்கு அலுமினியத் தகடு,
தோளைவிட அகலமாய் ஒரு ஹேண்டில்பார்.
சீட் நுரையை ரொட்டிக் கத்தியால்
மூன்று விரல் அறுத்தேன்.
அறுத்த துண்டு ஆபீஸ் நாற்காலியில்
என் முதுகுக்கு இருக்கிறது.

டயருக்குத்தான் நாள் பிடித்தது.
எங்கள் பக்கம் செம்மண் சரளை.
செக்போஸ்ட் தாண்டிக் கொஞ்ச தூரம் அதே சரளை,
பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கரிசல்.
போலீஸ் கோடு போட்ட இடத்தில் மண் கோடு போடவில்லை.
கட்டை நெருங்கினால் கரிசல் அப்பி உருண்டையாகும்.
விலகினால் சரளை பல்லைப் பிடுங்கும்.
முன்சக்கரத்துக்கு என் ஊரை நினைத்தும்
பின்சக்கரத்துக்கு அவர்கள் ஊரை நினைத்தும்
வாங்கினேன். காஜா சிரித்தார். மாட்டிக் கொடுத்தார்.

கொழிஞ்சாம்பாறையில், கடலை பிடுங்கிய வயலில்
டாங்கர் லாரி தண்ணீர் அடித்துவிட்டுப் போயிருந்தது.
மைக்காரர் என் பெயரின் வாலைத் தானே திருத்தி
"ரங்கநாயகன், தமிழ்நாடு" என்றார்.
ஹெல்மெட்டுக்குள் இருந்தேன், மறுக்கவில்லை.
மூன்றாம் சுற்று. மண்மேட்டிலிருந்து எழும்பி
நானும் வண்டியும் எதையும் தொடாதிருந்த நொடியில்
கணவாய்க் காற்று விலாவில் ஒரு கை வைத்தது.
சாய்ந்து இறங்கினேன்.
கால் ஊன்றினேன்.
எட்டியது.
மூன்று விரல்.

பதினாலு பேரில் பதினொன்றாவது.
பன்னிரண்டாவது ஆள் எஞ்சின் பிடித்து நின்றவர்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரவு டெம்போவிலிருந்து இறக்கி மேடையில் ஏற்றினேன்.
நூற்றுப் பதினைந்து.
இரண்டு மாதம் கழற்றியதை ஒரு மதியத்தில்
வட்டியோடு ஏற்றிவிட்டிருக்கிறது அந்த வயல்.
சரக்கு என்ற கட்டம் காலியாக இருந்தால்
மெஷின் சீட்டு அடிக்காது.
மண், என்று தட்டினேன்.
கட்டணம் நாற்பது, என் பையிலிருந்து கல்லாவுக்கு.

காலையில் முதல் செங்கல் லாரி ஹாரன் அடித்தது.
மேடை காலி. ஆனாலும் திரையில்
ஐந்து.
விளக்குமாறு எடுத்துக்கொண்டு போனேன்.