இறக்கி வைக்க இடமில்லை

கிரீன் சர்க்கிள் வேகத்தடையில்
பஸ் தூக்கிப் போட்டதும்
என் கைகள் தாமாகவே தொடைக்கடியில் போய்ப் பதுங்கின.
பக்கத்து சீட்டு அம்மாள் "குளிருதா?" என்றாள்.

முந்தாநாள் ராத்திரி, சென்னை.
சக்கரம் தரை தொட ஒரு மூச்சு இருக்கையில்
மூக்கைத் தூக்கி அலறியது விமானம்.
பதினாலாம் வரிசை கலிமா சொன்னது.
ஒருவர் என்னை, கம்பெனியை,
டிக்கெட் போட்ட மைத்துனனைத் திட்டினார்.
சி.எம்.சி.க்கு வரும் குவாஹாத்திக்காரர்
எக்ஸ்ரே உறையை நெஞ்சோடு அணைத்திருந்தார்,
உடையக்கூடியது அது ஒன்றுதான் என்பதுபோல.
எதிர் இருக்கையில் ஜெனிட்டாவின் உதடு அசைந்தது:
ஜெபமா, எரிபொருள் கணக்கா,
இன்னும் நான் கேட்கவில்லை.

எல்லோரும் என் முகத்தையே படித்தார்கள்.
சிரித்தேன்.
கேப்டன் குரல் வரும்வரை அதை
இறக்கி வைக்க இடமில்லை.

இரண்டாம் முறையும் மேலேறி
பெங்களூருக்குத் திரும்பினோம்.
உலுக்கலுக்கு நடுவே, மேகக் கிழிசலில்
கொஞ்சம் விளக்குகள். வேலூராக இருக்கலாம்.
மாடியில் காயப்போட்ட துணியை
அம்மா எடுத்தாளோ இல்லையோ என்றுதான் தோன்றியது.

தரை தொட்டதும் கைதட்டினார்கள்.
திட்டியவர்தான் முதலில்.

"சத்துவாச்சாரி! மீதி வாங்கிக்கம்மா."
கண்டக்டர் சில்லறையை நீட்டுகிறார்.
சிரிக்கிறேன்.
கை வரவில்லை.