மூன்று குப்பி

மருந்து வராத வருஷம்.
அலமாரியில் புரொப்போஃபோல் பெரிய குப்பி மூன்று,
பால்போல் வெள்ளையாக.
இரவில் எந்த நேரமும்
வாழைச்சேனை வீதியில் விழுந்த பொடியன் ஒருவன்
மண்டை உடைந்து வரலாம்.
சாவியைப் பைக்குள் போட்டேன்.
அருந்தவராணிக்கு வாயுவைத் திறந்தேன்.

நில அளவைத் திணைக்களத்தில் இருபத்தாறு வருஷம்
மற்றவர்களின் எல்லைகளை வரைந்தவர்.
டொக்டரென்றும் பார்க்காமல் கா போட்டுப் பேசுவார்.
"குடலில ஒரு சாண் வெட்டினா
எல்லை துப்புரவாப் போயிருமாகா?"
பத்திலிருந்து பின்னால எண்ணுங்க என்றேன்.
ஆறில் நின்றார்.

கத்தி வைத்தியம் என்று உடம்புக்குத் தெரியாது.
காயம் என்று மட்டும் தெரியும்.
கூப்பாடு போடும்.
என்பு மச்சைக்குள் கிடந்த வெள்ளையணுக்கள் ஓடிவரும்,
வலை எறியும், வீங்கவைக்கும், சுடும்,
புதிதாய் ரத்தக்குழாய் நெய்யும்.
அந்தக் கூப்பாட்டை
தப்பித் திரியும் ஒற்றை அணு ஒன்றும் கேட்கலாம்.
தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று
ஈரலின் ஓரத்தில் ஏறி இருக்கலாம்.
காவல் அணுக்கள் அந்த இரண்டு நாளும் சோர்ந்திருக்கலாம்.
என் வாயு அந்தச் சோர்வைக் கூட்டியிருக்கலாம்.
கூட்டாமலும் இருக்கலாம்.
ஆய்வுகள் இரண்டு பக்கமும் தலையாட்டுகின்றன.
லாம், லாம் என்றே முடிகிறது
நான் படித்த படிப்பு.

மாரி வெள்ளத்துக்கு முகத்துவாரம் வெட்டுவார்கள்.
வயல் தப்பும்.
வாவியிலிருந்து கடலுக்கு
என்னென்ன போனது என்று
ஒருவரும் எண்ணுவதில்லை.

அன்றிரவு பொடியன் யாரும் வரவில்லை.
விடியும்வரை அலமாரிக்குள்
மூன்று குப்பியும் அப்படியே.

இப்போது மூன்றாம் வருஷம்.
கிளினிக் வரிசையிலிருந்து எழுந்து
ஸ்கேன் உறையோடு என்னிடம் வருகிறார்.
தலைமுடி நன்றாய் நரைத்திருக்கிறது. பவுடர் மணம்.
ஈரலில் ஒரு புள்ளி.
பழைய தழும்பாயும் இருக்கலாம்
என்று எழுதியிருக்கிறார்கள், அவர்களும்.

அவருக்கு அந்தச் சாவியைத் தெரியாது.
சொல்ல வாயெடுத்தேன். எதைச் சொல்ல?
நடந்ததென்று ஒன்றிருந்தால் அல்லவா
மன்னிப்புக் கேட்க?

வாவிப் பக்கத்து ஜன்னலில்
படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து,
புள்ளிக்கும் விளிம்புக்கும் இடையில்
பெருவிரலை வைத்துப் பார்க்கிறார், தொழில் பழக்கத்தில்.
"இதுக்கு அளவுத்திட்டம் என்னகா?"

குனிந்து
படத்தின் ஓரமெல்லாம் தேடுகிறேன்.